மழை விட்ட பிறகு விழுந்த சுவர்

எங்கள் குளக்கரைச் சுவர் மழையில் விழவில்லை. மழை விட்டு, வெயில் முகம் காட்டி, குளமும் பாதிக்கு மேல் இறங்கிய பிறகு, 2023 டிசம்பர் 20, புதன்கிழமை காலையில் விழுந்தது. நான் முற்றத்தில் நனைந்த பாயைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி தண்ணீரில் பெரிய மூட்டையைத் தள்ளியது போல இன்னொரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், நூறு அடிச் சுவரின் நடுவில் நாற்பது அடியைக் காணவில்லை. குளத்துச் சேற்றில் குப்புறக் கிடந்தது.

அதற்கு முந்தின இரண்டு நாட்களும் அந்தச் சுவரைப் பற்றி எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிசம்பர் 17, 18 மழையைப் பற்றித் தென்மாவட்டக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. குளம் சுவரின் தலைக்கு ஒரு சாண் கீழே வரை வந்து நின்றது. சுவர் அசையவில்லை. பார்க்க வந்தவர்களிடம், “கருங்கல் அல்லவா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 18ஆம் தேதி பின்னிரவில் வடகிழக்குக் கரையில் உடைப்பு விழுந்து, விடிவதற்குள் நான்கடி நீர் இறங்கிப் போனது. கீழே வயல்காரர்களுக்குப் பேரிழப்பு. நமக்கு ஆபத்து நீங்கியது என்று நான் நினைத்தேன். என் சுவருக்கான ஆபத்து அந்த நேரத்தில்தான் தொடங்கியது என்பது அப்போது புரியவில்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவி வட்டாரத்தில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்து நிரம்புகிற குளங்களில் ஒன்று. நிலம் ஆற்றை நோக்கி வடக்கே சரிவதால் குளத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் கரை. எங்கள் பட்டா நிலம் தென்மேற்கு மூலையில், கரை இல்லாத நீர்ப்பிடிப்புப் பக்கம், மேட்டில் இருக்கிறது. தாத்தா காலத்தில் அங்கே சுவர் கிடையாது. வீட்டு மேட்டிலிருந்து குளம் வரைக்கும் ஒரு சரிவு, தலைப்பில் நான்கு பனை, கீழே கோரையும் சம்பும். பக்கத்துப் பத்தமடையில் பாய் நெய்கிற ஊர்க்காரர்களுக்குக் கோரையின் அருமை தெரியும். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய பள்ளி ஆசிரியனுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டமான தோட்டம் வேண்டியிருந்தது. மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொதிகை மலையைப் பார்க்க வேண்டும். 2016இல் சரிவை வெட்டி, ஆறடி உயரத்தில் சுவரை எழுப்பி, பின்னால் மண்ணைத் தட்டி மட்டமாக்கினேன். நாற்காலியும் போட்டேன். அந்த நாற்காலியும் சுவரோடு குளத்துக்குள் போய்விட்டது.

விழுந்த அன்றைக்கே, சுவர் கட்டிய கொத்தனாரை அழைத்து வந்தேன். எழுபதைத் தாண்டியவர், எங்கள் ஊர்க்காரர். சண்டை போடுகிற எண்ணத்தில்தான் அழைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் விழுந்து கிடந்த பகுதியைப் பார்க்கவே இல்லை. இன்னும் நின்றுகொண்டிருந்த பகுதிக்குப் போய், முகப்புப் பூச்சை உள்ளங்கையால் தடவித் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினார். பையன் ஒருவனிடம் கடப்பாரை வாங்கி அந்த இடத்தில் நான்கு குத்து குத்தினார். பூச்சு உதிர்ந்தது. உள்ளே மூன்றங்குலக் குழாயின் வாய், சிமென்ட் வைத்து அடைத்தபடி இருந்தது. ஐந்தாவது குத்தில் அடைப்பு உடைந்தது.

பம்புசெட் மாதிரி தண்ணீர் பாய்ந்தது. அவர் வேட்டியெல்லாம் சேறு. முதலில் காப்பி நிறத்தில் வந்தது. கால் மணி நேரம் கழித்துக் கொஞ்சம் தெளிந்தது. கிட்டப் போனால் சோப்பு வாடை. எங்கள் குளியலறைத் தண்ணீர்! முன்னால் குளம் நான்கடி இறங்கிச் சேறு தெரிகிறது; சுவருக்குப் பின்னால் எங்கள் தோட்டத்துக்குள் ஆறடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அந்த ஒரு குழாய் மறுநாள் மதியம் வரை ஓடியது.

“நான் வைத்ததைத்தான் நீங்கள் அடைத்துவிட்டீர்களே, தம்பி. ஒழுகினால்தான் இது நிற்கும்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

உண்மைதான். அவர் ஐந்தடிக்கு ஒன்றாக வடிகுழாய் வைத்துத்தான் கட்டியிருந்தார். அம்மாவுக்குப் பாம்பு பயம். பேத்தி தவழ்கிற வயது. குளத்துத் தண்ணீர்ப்பாம்பு குழாய் வழியாக ஏறித் தோட்டத்துக்கு வரும் என்று அம்மா சொன்னதும், பூச்சு வேலைக்கு வந்த வேறு ஆட்களை வைத்து எல்லாவற்றையும் அடைத்து, மேலே வழவழவென்று பூசச் சொன்னவன் நான். கருங்கல் மூட்டு வெளியே தெரிவது அழகாக இல்லை என்பது இன்னொரு காரணம். வேலையை அரைகுறையாகச் செய்தார் என்று யாரைத் திட்டலாம் என்று தேடியவனுக்குக் கண்ணாடி பார்த்தது போல ஆயிற்று.

மைத்துனர் மகன் சிவில் படித்தவன். அடுத்த வாரம் வந்தபோது ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஆறடிச் சுவருக்குப் பின்னால் காய்ந்த மண் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அது தள்ளுகிற விசை ஏறக்குறைய ஒரு டன். அதே மண் தலை வரை தண்ணீர் குடித்து நின்றால், நனைந்த மண் அரை டன்னுக்குச் சற்று மேலே, தண்ணீர் மட்டும் 1.6 டன், ஆக இரண்டு டன்னைத் தாண்டிவிடும். குளம் நிரம்பி இருந்தவரை முன்பக்கத் தண்ணீர் எதிரே தள்ளி, பின்பக்கத் தண்ணீரின் விசையைப் பெரும்பாலும் சமன் செய்துகொண்டிருந்தது. குளம் ஓரிரவில் இறங்கியதும் முன்பக்கத் தாங்கல் போய்விட்டது. பின்பக்கத் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. என் சுவர் அடியில் இரண்டரை அடி, தலையில் ஒன்றேகால் அடி அகலம். காய்ந்த மண்ணுக்கு அது போதும். தண்ணீரோடு சேர்ந்த மண்ணுக்குப் போதாது. ஒரு நாள் தாக்குப் பிடித்ததே கல்லின் பெருந்தன்மை.

அவன் சொன்னதில் எனக்கு நெடுநாள் மனதில் நின்றது வேறொன்று. உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மூன்றடிச் சுவரை யாரும் ஏதோவொரு விதத்தில் கட்டிவிடலாம். ஆறடிச் சுவர் அதன் இரட்டிப்பு வேலை என்று நினைப்பது தப்புக் கணக்கு.

அவ்வளவு தண்ணீர் பின்னால் எங்கிருந்து வந்தது? மழைதான் என்று சொல்லித் தப்பிக்கலாம். தளத்து மழைநீர்க் குழாயை நான் சுவருக்கு மூன்றடி பின்னால் விட்டிருந்தேன். ஆயிரம் சதுர அடித் தளத்தில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர். ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர் அது. அன்றைக்குப் பெய்தது பத்து சென்டிமீட்டர் இல்லை. குளியலறைத் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும் என்று சுவரோரம் பாத்தி கட்டியிருந்தேன். போதாக்குறைக்கு, பின்னால் நிரப்பிய மண். தென்னைக்கு உரம் என்று முறையாக அனுமதி வாங்கி எடுத்த குளத்து வண்டலில் மிச்சம் இருந்ததைச் சுவருக்குப் பின்னால் தட்டிவிட்டேன். செலவில்லாத மண் என்ற சந்தோஷம். வண்டல் வயலுக்குத் தங்கம், சுவருக்குப் பின்னால் விஷம். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. கரிசல் கலந்திருந்தால் நனையும்போது ஊதவும் செய்யும்.

புதிதாகக் கட்டுவதற்கு முன்னால் சர்வேயரை வைத்து அளந்ததில் இன்னொரு வெட்கம் காத்திருந்தது. நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வைத்து எல்லைக் கற்களைத் தேடியபோது, என் பழைய சுவர் ஒரு முனையில் ஒன்றரை அடி குளத்துப் புறம்போக்குக்குள் போயிருந்தது தெரிந்தது. வேண்டுமென்று செய்ததில்லை, கல்லைத் தேடாமல், வேலி இருந்த இடத்தை எல்லை என்று வைத்துக்கொண்டதால் வந்தது. ஆக்கிரமிப்பு என்றால் ஊரில் வேறு யாரையோ சொல்கிற சொல் என்று இருந்துவிட்டேன். நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாடு தனிச்சட்டமே கொண்டு வந்திருக்கிறது. கட்டிய பிறகு இடிப்பதைவிடக் கட்டுவதற்கு முன்னால் அளப்பது மலிவு. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்துவிடுங்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள குளம் நீர்வளத்துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கேட்க வேண்டிய கதவு எது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். தடையின்மைச் சான்று கேட்டு நான் எழுதிக் கொடுத்த மனுவில், சுவர் பட்டாவுக்குள் எத்தனை அடி தள்ளி வருகிறது என்பதைப் படம் போட்டுக் காட்டினேன். கேள்விகள் குறைந்தன.

குளத்தின் நீர்மட்டம் எவ்வளவு உயரம் வரை வரும் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். முழங்கால் வரை வந்தது என்பார் ஒருவர், திண்ணை வரை என்பார் இன்னொருவர். குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற மறுகால்தான் சரியான சாட்சி. மறுகால் பாயத் தொடங்குகிற நாளில், காற்று இல்லாத விடிகாலையில் உங்கள் பக்கம் போய், தண்ணீர் நிற்கிற விளிம்பில் ஒரு முளை அடித்துவிடுங்கள். குளத்தைவிடப் பெரிய ரசமட்டம் கிடையாது. அந்த முளை குளத்தின் முழு மட்டம். வெள்ளக் காலத்தில் மறுகாலுக்கு மேல் எவ்வளவு உயரம் பாய்ந்தது என்பதை மறுகால் சுவரில் இருக்கும் பாசிக்கோடு காட்டும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் சுவர் கட்டி ஏழாண்டு கழித்து இதைச் செய்தேன்.

எந்தச் சுவர் என்பதற்கு வருகிறேன். மைத்துனர் மகன் ஆர்சிசி சுவர் கட்டலாம் என்றான். மெல்லியதாக இருக்கும், நெடுநாள் நிற்கும். ஆனால் அதன் பலம் முழுவதும் மண்ணுக்கடியில் பின்னோக்கிப் போகிற பாதத் தளத்தில் இருக்கிறது. ஆறடிச் சுவருக்கு நான்கடியாவது பின்னால் போக வேண்டும், அதைப் போட இன்னும் ஆறடி மண்ணைச் சரித்து வெட்ட வேண்டும். பனைகளின் வேரில் கை வைக்காமல் முடியாது. தாத்தா வைத்த பனையை வெட்டிக் கான்கிரீட் போடுவதா என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இடம் குறுகலாக இருந்து, உயரமும் கட்டாயம் வேண்டும் என்றால் ஆர்சிசியைத் தவிர வழியில்லைதான். அதற்கும் வடிகுழாய் வேண்டும். கான்கிரீட் என்பதற்காகத் தண்ணீர் தயவு காட்டாது.

கம்பிவலைக் கூடையில் கல் நிரப்பி அடுக்குகிற முறையும் மனதுக்குப் பிடித்திருந்தது. அதில் வடிகுழாயே தேவையில்லை, கல் இடுக்கெல்லாம் வடிகால். களிமண் அடியில் கொஞ்சம் இறங்கினாலும் வெடிக்காமல் வளைந்து கொடுக்கும். பின்னால் வடிகட்டித் துணி விரிக்காவிட்டால் மண் முழுவதும் இடுக்கு வழியாக ஓடிவிடும் என்பது ஒன்று. எங்கள் குளத்தில் வேறொரு சிக்கல்: சித்திரையில் குளம் வற்றினால் காய்ந்த கோரைக்கும் சம்புக்கும் யாராவது தீ வைப்பார்கள். கம்பியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை அதோடு உருகிவிடும், பிறகு துரு. தீ வைக்காத ஊரில் இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

கொத்தனார் சொன்னது எல்லாவற்றையும்விட எளிமையானது. “ஆறடி எதற்கு? மூன்றரை போதும். மிச்சத்தைச் சரிவாக விடுங்கள், உங்கள் தாத்தா விட்ட மாதிரி.” விசைக் கணக்கை அவர் படித்ததில்லை. மூன்றரை அடிக்கு விசை ஆறடியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் இரண்டரை அடி உயரத்தை ஐந்தடி நீளச் சரிவாக விட்டால் மண் தானாக நிற்கும். நான் இழந்தது ஒரு நாற்காலி அகல நிலம். பொதிகை மலை சரிவிலிருந்து பார்த்தாலும் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

2024 சித்திரையில் வேலை தொடங்கினோம். குளத்தோர வேலைக்குச் சித்திரை, வைகாசியை விட்டால் காலமில்லை. ஆனியில் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அஸ்திவாரம் கிணறாகிவிடும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கூடவே நின்றேன். முதலில் முக்கால் அடி வண்டல், பிறகு இரண்டடி கறுப்புக் களி. கையில் உருட்டினால் உருண்டை பிடிக்கும், காய்ந்தால் விரல் நுழைகிற வெடிப்பு விடும். பழைய சுவர் அந்தக் களியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதற்கும் கீழே போனால் வெள்ளையாகச் சுக்கான் கல். கடப்பாரை ‘ணங்’ என்றது. அந்தச் சத்தம் கேட்கிறவரை தோண்டச் சொல்லுங்கள். கூலியில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது.

சுவர் அடியில் இரண்டரை அடி, தலையில் ஒன்றேகால் அடி. பழைய அளவேதான், உயரம் மட்டும் குறைந்தது. விழுந்த கல்லையே தூக்கிப் பயன்படுத்திக்கொண்டோம். எல்லைக்கல்லிலிருந்து இரண்டரை அடி உள்ளே தள்ளிக் கட்டினோம்; அந்த இடைவெளியில் தலையளவுக் கற்களைச் சும்மா கொட்டி வைத்திருக்கிறோம். அலை வந்து சுவரடியில் மண்ணைச் சுரண்டாமல் இருக்க அதுதான் காவல். ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்று அலையை எதிர்க்கரைக்குத் தள்ளும்; எங்கள் மூலைக்கு எதிரி கார்த்திகை வாடை. தண்ணீரில் மிதக்கிற அமலைச் செடி எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று ஒரு வருடம் பார்த்தால், அலை எப்போது யாரை அடிக்கும் என்று தெரிந்துவிடும்.

வடிகுழாய் இப்போது நான்கங்குலம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஐந்தடிக்கு ஒன்றாக இருபது. அதற்கு மேல் இரண்டு குழாய்க்கு நடுவே வருகிற மாதிரி பத்து. வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்த வாட்டம். உள்வாயில் வடிகட்டித் துணியைச் சுற்றி, அதைச் சுற்றி 40 மில்லிமீட்டர் சல்லி, பிறகு 20, பிறகு கொரமணல். சல்லி அடுக்கு குழாயடியில் மட்டும் இருந்தால் போதாது. சுவரின் பின்பக்கம் முழுவதும் ஓரடி அகலத்துக்கு அடியிலிருந்து ஏற வேண்டும். அதற்குப் பின்னால் சரள் மண், அரையடி அரையடியாக நிரப்பி இடித்து. மேல் அரையடி மட்டும் களிமண், மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்காமல் இருக்க. முகப்பில் பூச்சு கிடையாது. கல் மூட்டுக்கு மட்டும் காரை. பாம்பு விஷயத்தை அம்மாவிடம் ஒப்புக்கொண்ட விதம் இது: ஒவ்வொரு குழாயின் வெளி வாயிலும் துருப்பிடிக்காத வலை மூடி, கழற்றி மாட்டுகிற மாதிரி. கட்டி முடித்த மாதமே ஒரு தண்ணீர்ப்பாம்பு சுவரின் தலையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குழாய் வழியாக வரவில்லை, கல்லைப் பிடித்து ஏறி வந்திருக்கிறது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

தளத்துக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பினேன். குளியலறைத் தண்ணீருக்கு வீட்டின் மறுபக்கம் உறிஞ்சு குழி. சரிவில் வெட்டிவேர், நான்கு வரிசை, ஒரு சாணுக்கு ஒரு நாற்று. ஆவணியில் நட்டு, மழை வரும்வரை குடத்தால் ஊற்றினோம். இளசாக இருக்கும்போது ஆடு கடிக்கும். வேலி போடாமல் விட்ட முதல் வாரத்தில் அரை வரிசை போயிற்று. தழைத்த பிறகு ஆடு திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை ஓரடி விட்டு அரிந்தால் தூர் கட்டும். வேர் பத்தடி ஆழம் வரை இறங்கும் என்பதால் அது களிமண்ணைத் தைத்து வைத்தாற்போல. சுவரடியில் கோரையும் தானாகவே திரும்பி வந்துவிட்டது. இந்த மார்கழியில் நாமக்கோழி ஒன்று குஞ்சுகளோடு உள்ளே போவதைப் பேத்தி காட்டினாள்.

ஒரு பழைய மனக்கசப்பையும் சொல்ல வேண்டும். 2016இல் சுவர் கட்டிய பிறகு, அடுத்த தோட்டத்து மாமாவின் ஓரம் ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டே வந்தது. அவர் சொன்னபோதெல்லாம் அது குளம் செய்கிற வேலை என்று நான் நம்பினேன். என் சுவரில் மோதிய அலை திரும்பி, சுவர் முடிகிற இடத்தில் அவருடைய வெறும் மண்ணை அரித்திருக்கிறது. நேர்செங்குத்தாகப் பூசி வழவழப்பாக்கிய சுவர் அலையை உடைக்காது, திருப்பி அனுப்பும். இந்த முறை சுவரின் இரண்டு முனைகளையும் ஐந்தடி நிலத்துக்குள் வளைத்து முடித்து, அவர் ஓரத்தில் இரண்டு டிராக்டர் கல் என் செலவில் கொட்டிக் கொடுத்தேன். மாமா வாங்கிக்கொண்டார், ஆனால் ஏழு வருடத்துக்கு வட்டி எங்கே என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முழுக்கச் சிரிப்பும் இல்லை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, நாள் தவறக் கூடாது. புரட்டாசியில், அடைமழைக்கு முன்னால், வலை மூடிகளைக் கழற்றி ஒரு கம்பியை விட்டுக் குழாய்களைக் குத்திப் பார்க்கிறேன். துணி கிழியாமல் இருக்கக் கம்பி முனையில் துணிப்பந்து. சுவரின் தலையில் மூன்று இடத்தில் ஆணி அடித்திருக்கிறேன். அதில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அடியில் சுவருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து நோட்டில் எழுதுகிறேன். பழைய சுவர் விழுவதற்கு முன்பே இரண்டு விரல் சாய்ந்திருக்கும், அளந்தவன் யாருமில்லை. பின்பக்கம் சரிவில் திடீரென்று சிறு குழி விழுந்தால் எலி வளை என்று மண் போட்டு மூடிவிடாதீர்கள். மண் எங்கேயோ சுவர் வழியாக வெளியே போகிறது என்று அர்த்தம். குழாயில் கலங்கல் வருகிறதா என்று பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் நல்லது, கலங்கல் வந்தால் வடிகட்டி கிழிந்திருக்கிறது. மூட்டில் முளைக்கிற அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் இரண்டிலை பருவத்திலேயே பிடுங்க வேண்டும், விரல் கனம் ஆன பிறகு பிடுங்கினால் கல்லோடு வரும். சுவரோரம் டிராக்டரையோ செங்கல் லோடையோ நிறுத்த விடாதீர்கள். மாசி, பங்குனியில் குளம் இறங்கியதும் ஒரு முறை கீழே இறங்கி நடந்து, கொட்டிய கல் உருண்டு போயிருந்தால் திரும்ப அடுக்கலாம். அவ்வளவுதான், ஆண்டுக்கு மூன்று காலைப் பொழுது.

2024 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தாமிரபரணியில் மறுபடியும் வெள்ளம். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. கரையை முன்கூட்டியே மண்மூட்டை வைத்துப் பலப்படுத்தியிருந்ததால் உடைப்பு இல்லை. மழை நின்ற பிறகுதான் நான் குடையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கப் போனேன், வீட்டில் சிரித்தார்கள். தண்ணீர் இறங்க இறங்கக் குழாய் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தது. பேத்தி பெயிண்டால் எண் எழுதி வைத்திருக்கிறாள், ஒன்றிலிருந்து முப்பது வரை. ஒவ்வொன்றிலும் விரல் கனத்துக்குத் தெளிந்த நீர் மூன்று நாள் வழிந்தது. ஏழாம் எண் மட்டும் காய்ந்து கிடந்தது. மூடியைக் கழற்றிக் கம்பியை விட்டேன். ஒரு நண்டு வந்தது, தண்ணீர் வரவில்லை. கொத்தனாரிடம் சொன்னேன். பக்கத்துக் குழாய்கள் ஓடுவதால் அவசரமில்லை என்றார், சித்திரையில் குளம் வற்றட்டும், பின்னால் தோண்டிப் பார்க்கலாம் என்றார். நோட்டில் ஏழுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.